விருப்பம் கேட்கப்படும் உரிமை: முகாம்வாழ் இலங்கைத் தமிழர் குறித்த தீர்ப்புகளில் பன்னாட்டு மனித உரிமை நெறிகள்

ஆய்வுச்சுருக்கம்

பன்னாட்டு மனித உரிமை நெறிகள் இந்திய உள்நாட்டுச் சட்டத்திற்குள் வந்துசேரும் முறையை, தமிழகத்தில் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் தொடர்பான தீர்ப்புகளையும் அரசாணைகளையும் கொண்டு இக்கட்டுரை திறனாய்வு செய்கின்றது. 1992 முதல் 2025 வரையிலான நீதிமன்ற நிலைப்பாடுகள் பன்னாட்டு நெறிகளை இரக்கத்தின் மொழியாகவே பெரிதும் கையாண்டுள்ளன. அந்நெறிகளின் உள்ளீடோ வேறு. ஒவ்வொரு மனிதரையும் தனியே விசாரித்து, அவருடைய நாட்டுரிமையையும் விருப்பத்தையும் அறிந்து முடிவெடுக்கும் கடமையை அவை அரசின்மீது சுமத்துகின்றன. இக்கடமையை நிறைவேற்றிய உள்நாட்டு முன்மாதிரியாக 1956ஆம் ஆண்டுப் புதுச்சேரி ஒப்படைப்பு ஒப்பந்தமும், நிறைவேற்றத் தவறியதற்குச் சான்றாக 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தமும் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பன்னாட்டு உடன்படிக்கை, நாட்டுரிமை, நாடற்றநிலை, மலையகத் தமிழர், மறுவாழ்வு முகாம், புதுச்சேரி, திருப்பியனுப்பாமை.

முன்னுரை

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்பவர் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டிற்குள் நுழைந்து, காலாப்பட்டை நெருங்குகையில் மீண்டும் புதுச்சேரிக்குள் வருவார். காலாப்பட்டைக் கடந்து கனகசெட்டிக்குளத்தைத் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. ஒரே கடற்கரையில் ஒரே மொழி பேசும் ஊர்கள் இவ்வாறு மாறி மாறி இரு ஆட்சிகளின்கீழ் அமைந்திருப்பதற்குப் பிரெஞ்சு ஆட்சிக்கால எல்லைகளே காரணம். காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகமும், அம்பேத்கர் பெயரில் அமைந்த அரசு சட்டக்கல்லூரியும், மத்தியச் சிறையும் உள்ளன. அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் அமைந்துள்ளது.

இவ்விரு ஊர்களும் நாட்டுரிமை பற்றிய இரு வேறு வரலாறுகளைச் சுமந்து நிற்கின்றன. காலாப்பட்டின் முதியோர் பலர் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்றின் வழியே இந்தியக் குடிமக்கள் ஆனவர்கள். கீழ்ப்புத்துப்பட்டைப் போன்ற முகாம்களில் வாழும் மலையக வழியினர் பலரோ, பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று தங்களைப் பற்றிப் பேசியும் எந்நாட்டுக் குடிமக்களாகவும் ஆக இயலாதவர்கள். இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது, அதனை நீக்கும் ஆற்றல் பன்னாட்டு மனித உரிமை நெறிகளுக்கு உண்டா, நம் நீதிமன்றங்கள் அவ்வாற்றலை எவ்வளவு பயன்படுத்தியுள்ளன என்னும் வினாக்களே இக்கட்டுரையின் களம்.

நெறி சட்டமாகும் வழிகள்

இந்திய அரசமைப்பின் 51(இ) உறுப்பு, பன்னாட்டுச் சட்டத்தையும் ஒப்பந்தக் கடமைகளையும் மதிக்கும் போக்கை வளர்க்க அரசு முயலவேண்டும் என்கிறது. இது வழிகாட்டு நெறி மட்டுமே; இதனைக் காட்டி எவரும் நீதிமன்றத்தில் உரிமை கோர இயலாது. 253ஆம் உறுப்பு ஒப்பந்தங்களைச் செயற்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திற்கு வழங்குகின்றது. ஒப்பந்தம் கையொப்பமானவுடன் தானே சட்டமாகிவிடாது, அதற்கு உள்நாட்டுச் சட்டம் வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் (1980) நீதியரசர் வி.ஆர். கிருஷ்ண ஐயர் இக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்டே அதனுள் ஒரு வழியைக் கண்டார். கடனைத் திருப்பித்தர இயலாதவரைச் சிறையிடலாகாது என்னும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 11ஆம் உறுப்பு நேரடியாகச் செல்லாது எனினும், உள்நாட்டுச் சட்டத்தை அதனோடு இயைந்த பொருளில் படிக்கலாம் என்பது அத்தீர்ப்பின் நெறி. விசாகா வழக்கில் (1997) உச்சநீதிமன்றம் மேலும் ஓரடி முன்சென்றது. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கையை 1993இல் இந்தியா ஏற்புறுதி செய்திருந்தும் உரிய சட்டம் இல்லாத நிலையில், அவ்வுடன்படிக்கையைத் துணைக்கொண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான வழிகாட்டு விதிகளை நீதிமன்றமே வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 2013 வரை ஆயிற்று.

இதற்கிடையில் 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், மனித உரிமை என்பதற்கு வரையறை தந்தது. உயிர், சுதந்திரம், சமத்துவம், மாண்பு ஆகியவை குறித்து அரசமைப்பு உறுதியளித்த உரிமைகளும், பன்னாட்டு உடன்படிக்கைகளில் இடம்பெற்று இந்திய நீதிமன்றங்களால் செயற்படுத்தத்தக்க உரிமைகளும் மனித உரிமைகள் எனப்பட்டன. இவ்வரையறையில் ஒரு சுழற்சி உண்டு. எவ்வுரிமை செயற்படுத்தத்தக்கது என்பதை நீதிமன்றமே கூறவேண்டும். நீதிமன்றமோ உள்நாட்டுச் சட்டத்தை நோக்குகின்றது. ஆகவே உடன்படிக்கையின் சொற்கள் சட்டநூலில் இடம்பெற்ற பின்னரும், அவற்றிற்கு உயிர் தருவது நீதிபதியின் வாசிப்பே. தீர்ப்புகளைத் திறனாய்வு செய்யவேண்டிய தேவை இங்கிருந்தே எழுகின்றது.

அகதிகள் தொடர்பில் இந்நிலை மேலும் சிக்கலானது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் இந்தியா இணையவில்லை. நாடற்றோர் குறித்த 1954, 1961 உடன்படிக்கைகளிலும் இணையவில்லை. ஆனால் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 1979 ஏப்ரல் 10 அன்றும், குழந்தை உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 1992 டிசம்பர் 11 அன்றும் இணைந்தது. முன்னதன் 24(3) உறுப்பு, ஒவ்வொரு குழந்தைக்கும் நாட்டுரிமை பெறும் உரிமை உண்டு என்கிறது. பின்னதன் 7ஆம் உறுப்பு அவ்வுரிமையை மீண்டும் உறுதிசெய்து, நாடற்றதாகிவிடக்கூடிய குழந்தையின் நிலையைத் தனித்துச் சுட்டுகின்றது. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இல்லை என்பதையே அனைத்திற்கும் விடையாகக் கூறும் வழக்கம் இவ்விரு உறுப்புகளையும் மறைத்துவிடுகின்றது.

புதுச்சேரியின் முன்மாதிரி

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் சார்பாளர்கள் கூடி வாக்களித்தனர். 178 பேரில் 170 பேர் இந்திய இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி நடைமுறையளவில் கைமாறியது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையொப்பமாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது.

நிலத்தை ஒப்படைக்கும் ஒப்பந்தமாயினும் அதன் கணிசமான பகுதி மனிதரைப் பற்றியது. அப்பகுதியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சு நாட்டவர் இந்தியக் குடிமக்கள் ஆவர் என்பது பொதுவிதி. பிரெஞ்சு நாட்டுரிமையைத் தக்கவைக்க விரும்புவோர், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் எழுத்துவழி அறிவிப்பால் அதனைத் தெரிவிக்கலாம் என்பது விலக்கு. பிறப்பிடமும் வாழிடமும் வேறுபட்டோர்க்குத் தனித்தனி விதிகள் வகுக்கப்பட்டன. பின்னர்க் குடியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்கீழ் 1962ஆம் ஆண்டுப் புதுச்சேரிக் குடியுரிமை ஆணை பிறப்பிக்கப்பட்டு, ஒப்பந்தத்தின் சொற்கள் உள்நாட்டுச் சட்டமாயின.

இம்முறையில் குறையே இல்லை என்பதன்று. ஆறு மாதம் என்னும் காலவரம்பை அறியாது விட்டவர்களும், அறிந்தும் முடிவெடுக்க இயலாதவர்களும் இருந்திருப்பர். ஆயினும் அம்முறையின் அடிப்படை தெளிவானது. எவர் எந்நாட்டவர் என்னும் வினா அங்கு எழுப்பப்பட்டது. அதற்கு ஒவ்வொருவரும் தாமே விடையளிக்க இடம் தரப்பட்டது. விடை அளிக்காதவரும் நாடற்றவர் ஆகிவிடாதபடி பொதுவிதி அவரைத் தாங்கிக்கொண்டது. வினா, விருப்பம், தாங்குவிதி என்னும் இம்மூன்றும் இன்று நாட்டுரிமை குறித்த பன்னாட்டு நெறி எதிர்பார்ப்பவற்றின் சாரமே ஆகும். குடிமை உரிமைகளுக்கான உடன்படிக்கை 1966இல் உருவாகுமுன்பே இந்தியா இக்கடற்கரையில் அதனைச் செய்துகாட்டியது.

1964: எண்ணிக்கை முந்திய ஒப்பந்தம்

புதுச்சேரி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த இரண்டே ஆண்டுகளில், 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவும் இலங்கையும் மற்றோர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பற்றியது அது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பேசிக்கொள்வது என்றும் அது முடிவுசெய்தது. 1974ஆம் ஆண்டு உடன்பாடு எஞ்சியோரை 75,000 வீதம் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிட்டது.

தொழிலாளர் பின்னர் விண்ணப்பிக்க அழைக்கப்பட்டனர் என்பது உண்மையே. ஆனால் எண்ணிக்கை முதலிலும் மனிதர் பின்னரும் வந்தனர். எத்தனை பேர் எந்நாட்டை விரும்புவர் என அறியுமுன்பே இத்தனை பேர் இந்நாட்டிற்கு என முடிவாகிவிட்டது. புதுச்சேரியில் விருப்பம் தெரிவிக்காதவரைப் பொதுவிதி தாங்கியது. மலையகத்திலோ அத்தகைய தாங்குவிதி இல்லை. விண்ணப்பம் முடிவாகாதவர், விண்ணப்பித்தும் கப்பலேறாதவர், எதற்கும் விண்ணப்பிக்காதவர் அனைவரும் நாடற்றவராகவே நீடித்தனர்.

இலங்கை 1988இலும் 2003இலும் சட்டங்கள் இயற்றி இந்நிலையைத் தன் எல்லைக்குள் பெரிதும் தீர்த்தது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம், போர்ச்சூழலால் வெளியேற நேர்ந்து இந்தியாவில் வாழ்வோரையும் அச்சட்டத்தின் வரம்பிற்குள் கொண்டுவந்தது. ஆனால் 1983க்குப் பின் கடல் கடந்து வந்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழகத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு குடும்பத்திற்கு, தான் திரும்ப விரும்பாத நாடு ஒன்று வழங்கும் வாய்ப்பு மட்டும் போதிய விடையாகாது. அக்குடும்பத்தின் விருப்பத்தை இந்தியா இதுவரை முறையாகக் கேட்டறியவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

தீர்ப்புகளின் வாசிப்பு

1991இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின்னர்த் தமிழகத்தில் நிலவிய சூழல் மாறியது. 1992இல் முகாம்வாசிகளைத் திருப்பியனுப்பும் பணி தொடங்கியபோது, பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். திரும்பிச் செல்வோரின் இசைவு தன்விருப்பின்பாற்பட்டதா என ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையத்தின் அலுவலர் சரிபார்க்கவேண்டும் என்பதும், செல்ல விரும்பாதவர் முகாமிலேயே தொடர இசைவளிக்கவேண்டும் என்பதும் அவ்வழக்கின் கோரிக்கைகள். அவ்வாணையம் பணியில் ஈடுபட்ட பின்னர், அஃது உலக அமைப்பாதலின் இசைவு உண்மையானதா என ஆராய்வது தன் வேலையன்று என நீதிமன்றம் கருதியது.

இத்தீர்ப்பு பன்னாட்டு அமைப்பிற்கு அளித்த மதிப்பைப் பலர் பாராட்டியுள்ளனர். அம்மதிப்பில் ஒரு விலகலும் அடங்கியிருப்பதை மறுக்க இயலாது. தன்விருப்பு என்பது பன்னாட்டு நெறி. அந்நெறியைச் சரிபார்க்கும் அமைப்பு வந்துவிட்டது என்பதைக் காட்டி, நெறி பின்பற்றப்பட்டதா என்னும் வினாவையே நீதிமன்றம் தன் முன்னிருந்து அகற்றிவிட்டது. அமைப்பு உள்ளே வந்தது. நெறி வாயிலிலேயே நின்றது.

இதற்கு மாறான போக்கை 1996ஆம் ஆண்டின் தேசிய மனித உரிமை ஆணையம் எதிர் அருணாசலப் பிரதேச அரசு வழக்கில் காணலாம். சக்மா மக்களை வெளியேற்ற முயன்ற சூழலில், குடிமகனாயினும் அல்லாதவராயினும் ஒவ்வொருவரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என உச்சநீதிமன்றம் கூறியது. அதனினும் குறிப்பிடத்தக்கது அதன் நடைமுறை ஆணை: அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் பதிவுசெய்து நடுவணரசுக்கு அனுப்பவேண்டும், முடிவு தெரியும்வரை அவர்களை வெளியேற்றலாகாது. பன்னாட்டு உடன்படிக்கைகளை விரிவாகப் பேசாத இத்தீர்ப்பு, அவற்றின் நோக்கத்தை நெருங்கிவிட்டது. ஒரு கூட்டமாகப் பார்க்கப்பட்டவரை விண்ணப்பதாரராக, பெயருடைய தனிமனிதராக அது மாற்றியது.

குசராத் உயர்நீதிமன்றம் ஈராக்கியர் இருவர் தொடர்பான வழக்கில் (1998), திருப்பியனுப்பாமைக் கோட்பாடு 21ஆம் உறுப்பினுள் அடங்கியிருப்பதாகக் கூறியது. உயிருக்கு அஞ்சி வந்தவரை அவ்வச்சம் நிலவும் இடத்திற்கே அனுப்பலாகாது என்பது அக்கோட்பாடு. அதே தீர்ப்பு, நாட்டின் பாதுகாப்பிற்கு ஊறு நேராதவரை என்னும் வரம்பையும் இட்டது. உச்சநீதிமன்றம் முகமது சலிமுல்லா வழக்கின் 2021 ஏப்ரல் 8ஆம் நாள் ஆணையில் இக்கோட்பாட்டின் வீச்சைக் குறைத்தது. 14, 21ஆம் உறுப்புகள் குடிமக்கள் அல்லாதவர்க்கும் உரியன. ஆனால் நாடுகடத்தப்படாதிருக்கும் உரிமை, குடிமக்களுக்கே உரிய 19(1)(உ) உறுப்பின் துணையுரிமை என்றது அவ்வாணை. உயிர்வாழும் உரிமையை ஒருவர்க்கு வழங்கிவிட்டு, உயிருக்கு அஞ்சும் இடத்திற்கு அனுப்பப்படாதிருக்கும் உரிமையைக் குடிமகனுக்கு மட்டும் ஒதுக்குவது தருக்கத்திற்குப் பொருந்துமா என்னும் ஐயம் எழுகின்றது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த மூன்று தீர்ப்புகள் தனிக் கவனத்திற்குரியவை. 2019 ஜூன் 17ஆம் நாள் தீர்ப்பு, முகாம்வாழ் மலையக வழியினர் அறுபத்தைவர் தொடர்பானது. அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கவும், மாவட்ட ஆட்சியர் அவற்றை அனுப்பவும், நடுவணரசு பதினாறு வாரங்களில் முடிவெடுக்கவும் அது ஆணையிட்டது. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழியில் இதுவும் மனிதரை விண்ணப்பதாரராகக் கண்டது. 2022இல் அவர் அளித்த மற்றொரு தீர்ப்பு, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பாலேயே குடிமகன் என்னும் குடியுரிமைச் சட்டத்தின் தெளிவான சொற்களே அத்தீர்ப்பிற்குப் போதுமாயிருந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் இந்தியக் குடிமகளாக இருந்தும் அவர் அதனை அறிய வழியின்றி வாழ்ந்தார் என்பது இதன் துயரமான பொருள். எவரும் அவரிடம் உரிய வினாவைக் கேட்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த மூன்றாம் தீர்ப்பு சிந்தனைக்குரியது. 1993இல் தமிழகத்தில் பிறந்த ஒருவரின் குடியுரிமைக் கோரிக்கையில், 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் கோட்பாடு இலங்கையின் இந்துத் தமிழர்க்கும் பொருந்தும் என நீதியரசர் கருதினார். விளைவு மனுதாரர்க்கு நலம் பயப்பது, அதில் மாற்றுக்கருத்தில்லை. ஆயினும் அதனை அடைந்த வழி குறுகியது. அத்திருத்தச் சட்டம் சமய அடிப்படையில் பாகுபடுத்துவது. முகாம்களில் கத்தோலிக்கரும் ஏனைய கிறித்தவரும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். மன்னார்க் கடற்கரையிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்க மீனவரின் மகளும் அதே முகாமில் அதே ஆண்டில் பிறந்திருக்கக்கூடும். இந்துத் தமிழர் எனக் கூறும் தீர்ப்பின் வாசகத்தில் அவளுக்கு இடம் எங்கே? ஒவ்வொரு குழந்தைக்கும் நாட்டுரிமை என்னும் 24(3) உறுப்பைத் துணைக்கொண்டிருந்தால், இருவரும் ஒரே வாயில் வழியே நுழைந்திருப்பர். இந்தியா ஏற்றுக்கொண்ட பன்னாட்டு நெறி கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், இந்தியா இலங்கைக்கு விரித்துரைக்காத ஓர் உள்நாட்டுச் சட்டத்தின் சாயலை நாடியதே இத்தீர்ப்பின் குறை.

2025 மே 19 அன்று உச்சநீதிமன்றத்தில், தண்டனைக்காலத்தை முடித்த இலங்கைத் தமிழர் ஒருவரின் மனு விசாரணைக்கு வந்தபோது, உலகெங்குமிருந்து வருவோரை ஏற்க இந்தியா தர்மசத்திரம் அன்று என்னும் கருத்து வாய்மொழியாக வெளிப்பட்டது. அம்மனுதாரர் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்டவர். அவ்வழக்கை முகாம்வாசிகள் அனைவர்க்கும் பொதுவாக்கலாகாது. அச்சொல் ஏற்படுத்திய தாக்கமோ பொதுவானது. சத்திரம் என்பது வழிப்போக்கர் ஓரிரவு தங்கிச்செல்லும் இடம். நாற்பது ஆண்டுகளாக ஓரிடத்தில் வாழ்ந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே முன்னோரைப் புதைத்தவரை அவ்வுவமை தழுவாது. உவமை பொருந்தாதபோது அதன்மேல் எழும் முடிவும் பொருந்தாது.

பெயர்மாற்றமும் மூவகை மனிதரும்

2021 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் 317.40 கோடி ரூபாய் மதிப்பிலான நலத்திட்டங்களை அறிவித்தார். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவது அவற்றுள் முதன்மையானது. மாதந்தோறும் வழங்கும் பணக்கொடையும் உயர்த்தப்பட்டது. அப்போது அரசு தந்த கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் வாழ்ந்தனர். முகாம்கள் இனி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என வழங்கப்படும் என்றும் முதலமைச்சர் அறிவித்தார்.

அகதி என்னும் சொல் கதியற்றவர் எனப் பொருள்படுவது. அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அதன் நீக்கம் ஆறுதல் தருவது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆனால் நடுவணரசின் குடியுரிமைச் சட்டம் அப்பெயர்மாற்றத்தை அறியாது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிய கடவுச்சீட்டு முதலிய ஆவணங்கள் இன்றி நுழைந்த அயல்நாட்டவர் சட்டவிரோதக் குடியேறி ஆவார். பதிவின் வழியோ இயல்புரிமையின் வழியோ அவர் குடியுரிமை பெற இயலாது. சட்டவிரோதக் குடியேறியான பெற்றோர்க்கு 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்த குழந்தை, பெற்றோருள் மற்றவர் இந்தியக் குடிமகனாயினும், பிறப்பால் குடியுரிமை பெறாது. மாநில அரசின் ஏட்டில் மறுவாழ்வு பெறுபவராக இருப்பவர், நடுவணரசின் ஏட்டில் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கின்றார்.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம், அயல்நாட்டவர் சட்டத்தின்கீழ்ப் பிறப்பித்த விலக்காணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, நுழைவிசைவு ஆகியன இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. வரவேற்கத்தக்க மாற்றம் இது. எனினும் தண்டனையிலிருந்து விலக்குவதும் குடியுரிமைக்கு வழிதிறப்பதும் ஒன்றல்ல. குடியுரிமைச் சட்டத்தின் வரையறை அவ்வாணையால் தானே மாறிவிடவில்லை.

முகாம்வாசிகள் என ஒற்றைச் சொல்லால் சுட்டப்படுவோருள் சட்டநோக்கில் குறைந்தது மூவகையினர் உளர். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தோர் சட்டப்படி இந்தியரே. அவர்க்கு வேண்டுவது அறிந்தேற்பு மட்டுமே. இலங்கைக் குடியுரிமை உடையோரின் பிள்ளைகள் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் பதிவுசெய்து அந்நாட்டுரிமை பெற இயலும்; அவர் வேண்டுவது தங்குரிமையோ குடியுரிமையோ தாயகம் திரும்புதலோ என்பதை அவரிடமே கேட்கவேண்டும். மலையக வழியினருள் எந்நாட்டு ஆவணமும் இல்லாதோர் நாடற்றோர். அவர் பிள்ளைகளுக்கே உடன்படிக்கைகளின் பாதுகாப்பு முதலில் சேரவேண்டும். இம்மூவரையும் ஒரே பதிவேட்டில், ஒரே பணக்கொடை வரிசையில் நிறுத்துவது நிருவாகத்திற்கு எளிது. ஆனால் முதல்வகையினர்க்கு அஃது உரிமை மறுப்பாகவும், மூன்றாம் வகையினர்க்குத் தலைமுறைதோறும் தொடரும் நாடற்றநிலையாகவும் முடிகின்றது.

மறுப்புகளும் விடையும்

இக்கருத்திற்கு எதிராக மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இந்தியா குடிமை உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இணைந்தபோதே அயல்நாட்டவர் குறித்த தன் சட்டத்தைச் செயற்படுத்தும் உரிமையை ஒதுக்கிக்கொண்டது என்பது. உண்மையே. ஆனால் அவ்வொதுக்கீடு அயல்நாட்டவரை வெளியேற்றுதல் பற்றிய 13ஆம் உறுப்பிற்கு மட்டும் உரியது. குழந்தையின் நாட்டுரிமையைக் கூறும் 24ஆம் உறுப்பிற்கு இந்தியா எவ்வொதுக்கீடும் செய்யவில்லை.

இரண்டாவது, 24(3) உறுப்பு தன் மண்ணில் பிறந்த குழந்தைகள் அனைவர்க்கும் குடியுரிமை வழங்குமாறு ஒரு நாட்டைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது. இதுவும் சரியே. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழுவின் 17ஆம் பொதுக்கருத்துரையும் அவ்வாறே கூறுகின்றது. ஆயின் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாட்டுரிமை கிட்டுவதற்கு உள்நாட்டளவிலும் பிற நாடுகளோடு ஒத்துழைத்தும் தக்க நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்கவேண்டும் என்பதும் அக்கருத்துரையின் பகுதியே. ஒரு குழந்தை எந்நாட்டுரிமையும் இன்றி உள்ளதா என விசாரித்து அறியாமல் இக்கடமையை நிறைவேற்ற இயலாது. குடியுரிமை வழங்குவதற்கு முந்திய கடமை விசாரித்தல்.

மூன்றாவது, இந்தியக் குடியுரிமை வழங்குவது ஈழத்தமிழர் தாயகம் திரும்பும் உரிமையை நலிவுறுத்தும் என்பது. தமிழ் அரசியலில் வலுவாக ஒலிக்கும் இக்கருத்தைப் புறக்கணிக்க இயலாது. அதற்கான விடையும் விருப்பம் என்னும் அடிப்படையிலேயே அமைகின்றது. திரும்ப விரும்புவோரை எவரும் இந்தியராக்க வேண்டியதில்லை. விரும்பாதோரை ஓர் இலட்சியத்தின் பொருட்டு நாடற்றவராக நிறுத்திவைக்கவும் எவர்க்கும் உரிமையில்லை. 1962இல் புதுச்சேரியில் பிரெஞ்சு நாட்டுரிமையைத் தேர்ந்தவரையும் இந்திய நாட்டுரிமையை ஏற்றவரையும் ஒரே ஒப்பந்தம் தாங்கியது. அண்டை வீட்டார் இருவர் வெவ்வேறு நாட்டவராக இன்றளவும் அந்நகரில் வாழ்கின்றனர்.

புதுச்சேரியை ஒப்புமை காட்டுவதன் எல்லையையும் ஏற்கவேண்டும். அங்கு நிலம் இந்தியாவை வந்தடைந்தது, மக்கள் தம் வீடுகளிலேயே இருந்தனர்; இங்கு மக்கள் கடல்கடந்து வந்தனர். 7ஆம் பிரிவை முகாம்களுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஒப்புமை சட்டப்பிரிவைப் பற்றியதன்று, முறையைப் பற்றியது.

முடிவுரை

பன்னாட்டு மனித உரிமை நெறிகளை உள்நாட்டில் பொருத்துதல் என்பது தீர்ப்பில் உடன்படிக்கையின் பெயரைக் குறிப்பிடுவதோடு முடிவதன்று. 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பு பன்னாட்டு அமைப்பை மதித்தும் நெறியைக் கைவிட்டது. 1996, 2019ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் மனிதரைத் தனித்தனியே நோக்கச் செய்து நெறியை நெருங்கின. 2022ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பு இரக்கத்தால் வழிநடத்தப்பட்டும், அனைவரையும் தழுவும் நெறியை விட்டுச் சிலரைத் தழுவும் சட்டத்தை நாடியது.

செய்யத்தக்கவை அரிய செயல்களல்ல. மாநில அரசின் மறுவாழ்வுத் துறையிடம் ஒவ்வொரு குடும்பத்தின் பதிவேடும் உள்ளது. அதனைக்கொண்டு 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தோரைக் கண்டறிந்து அவர்தம் குடியுரிமையை ஏற்கலாம். ஏனையோரிடம் அவரவர் நாட்டுரிமை நிலையையும் விருப்பத்தையும் எழுத்தில், தமிழில் கேட்டுப் பெறலாம். நாடற்றோர் எனத் தெரியவரும் குழந்தைகளுக்கேனும் சட்டவிரோதக் குடியேறி என்னும் வரையறையிலிருந்து விலக்களிக்க நடுவணரசு சட்டத்திருத்தம் கொண்டுவரலாம். முதல் இரண்டிற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை.

காலாப்பட்டில் 1962இல் வாழ்ந்த ஒருவர் எந்நாட்டவராக இருக்க விரும்பினார் என்பதை ஓர் அரசு அவரிடமே கேட்டது. அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே முகாமில் பிறந்து, இன்று தம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் தாயிடம் அவ்வினா இதுவரை கேட்கப்படவில்லை. அவ்வினாவை முறையாகக் கேட்டுப் பதிவுசெய்வதே, இந்தியா தானே ஏற்றுக்கொண்ட உடன்படிக்கைகளைச் செயற்படுத்துவதன் முதற்படியாகும்.